மெய்யப்பன் ஊருக்குப் போகிறான்

வளைகுடாவில் வேலை பார்க்கிறவன் ஒருவன் ஊருக்குக் கிளம்புகிறான் என்ற செய்தி வெளியே கசிந்துவிட்டால் போதும், அவனுடைய பெட்டியில் அவனுடைய சாமானுக்கு இடம் இருக்காது. பக்கத்து அறைக்காரன் ஒரு போர்வையை நீட்டுவான். மாடிக்காரன் இரண்டு குப்பி கோடாலித் தைலம் தருவான். முகம் தெரியாத ஒருவன் எங்கோ தள்ளியிருக்கும் முகாமிலிருந்து பஸ் பிடித்து வந்து, "அண்ணே, நீங்க திருச்சிதானே? நமக்கு மணப்பாறை" என்று ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டுப் போவான். வாங்க மாட்டேன் என்று சொல்லும் வழக்கம் அங்கே கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருமுறை பிரித்துக் காட்டச் சொல்லலாம். அதற்கு மேல் கேட்பது மரியாதை இல்லை. இன்றைக்கு உனக்கு நான், நாளைக்கு எனக்கு நீ. அவ்வளவுதான் சட்டம்.

அடைக்கலம் இளவட்டத்தில் வந்தது முதல் இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். அதனால்தான் மெய்யப்பனையும் வாங்கிக்கொண்டான்.

இருவரும் ஒரே அறை, ஒரே இரட்டைக் கட்டில். மேல் தட்டு மெய்யப்பனுக்கு, கீழ்த் தட்டு அடைக்கலத்துக்கு. இந்த முறை இருவருக்கும் ஒரே விமானத்தில் இடம் கிடைத்திருந்தது. நாள் முழுக்க வெயிலில் கம்பி கட்டிவிட்டு வந்த மெய்யப்பன், குளிக்கக்கூடப் போகாமல் அட்டைப்பெட்டிக்குக் கயிறு போட உட்கார்ந்தான். "ஒரு முனையைப் பிடி மச்சான்" என்றான். அடைக்கலம் பிடித்தான். மறுமுனை தொய்ந்தது. நிமிர்ந்து பார்த்தால், களைப்பில் கண் அசந்தவன் போல மெய்யப்பன் பெட்டிமேல் தலையைச் சாய்த்திருந்தான். நாற்பது வயசு நிறையவில்லை. இருதயம் என்று சொன்னார்கள். கம்பெனி ஆஸ்பத்திரியில் வெயில் என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை.

உடம்பு ஊருக்குப் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு மேஜையிலும் முத்திரை விழ வேண்டும். ஆனால் நினைவு அதுவரை காத்திருக்காது. ஆஸ்பத்திரியில் ஜெசிந்தா என்ற நர்ஸ் அதை விளக்கிச் சொன்னாள். நாகர்கோவில்காரி. இந்த மாதிரி விஷயத்தைத் தமிழில் சொல்ல அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

"இறந்து கொஞ்ச நேரத்துக்குள்ள மூளையில இருக்கிறதப் படி எடுத்திரலாம்ணே. எடுத்தத வைக்கத்தான் எடம் கெடையாது. மெஷின்ல வச்சா வெறும் இரைச்சலாப் போயிருது. உயிருள்ள இன்னொரு மூளையில ஏத்தி வச்சாதான் நிக்கும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"நீங்க தூங்குற வரைக்கும்."

அடைக்கலத்துக்குப் புரியவில்லை. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"தூக்கத்துலதான் மூளை வீடு கூட்டும். வேண்டாததை அள்ளி வெளிய போடும். இவரு உங்க மூளைக்கு வேத்தாளு. நீங்க கண்ணசந்தா, மொதல்ல இவரத்தான் அள்ளும். திருச்சியில எறங்குறது வரைக்கும் முழிச்சிருந்தீங்கன்னா போதும். அங்க ஒப்படைப்பு அறைன்னு ஒண்ணு இருக்கு. ஊசி போடுவாங்க. அரை மணி நேரம் அவரு உங்க வாய் வழியாப் பேசுவாரு. வீட்டுக்காரங்க பேசிக்கலாம். அப்புறம் தானாக் கரைஞ்சிருவாரு."

"அவனுக்கு வலிக்குமா?"

"இல்ல. அவரு இறந்ததே அவருக்குத் தெரியாதுண்ணே. கடைசியா எந்த நெனப்புல இருந்தாரோ அதே நெனப்புலதான் இருப்பாரு. உங்க பக்கத்துல உக்காந்திருக்கிறதா நெனச்சுக்குவாரு. விட்டு விட்டு வருவாரு, பழைய ரேடியோ கணக்கா. நீங்க ஒண்ணு மட்டும் செய்யக் கூடாது. போயிட்டேன்னு அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அந்த நிமிஷமே கலைஞ்சிரும்."

கம்பெனிக்கு இந்த ஏற்பாடு சர்க்கரைப் பொங்கல். பேசி அழுது முடித்த குடும்பம் அப்புறம் கேள்வி கேட்பதில்லை. நல்லாயிருந்த மனுஷன் ஏன் விழுந்தான், அன்றைக்கு எத்தனை நேரம் வெயிலில் நின்றான் என்று எந்த வீட்டாரும் வக்கீல் வைத்துக் கேட்டதில்லை. செத்தவனே நேரில் வந்து, நல்லாத்தான் இருக்கேன் என்று சிரித்துவிட்டுப் போன பிறகு வக்கீல் எதற்கு? மனிதனின் துக்கத்துக்கு மருந்து கண்டுபிடித்தார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. கேள்விக்கு மருந்து கண்டுபிடித்தார்கள் என்று எழுதியிருந்தால் சரியாக இருந்திருக்கும்.

மெய்யப்பனின் அப்பா ஊரிலிருந்து போனில் சம்மதம் சொல்லிவிட்டார். யாராவது கொண்டுபோக வேண்டும். அதே விமானத்தில் போகிறவன் அடைக்கலம். அவன் தலையை ஆட்டினான். அன்றைக்கு ராத்திரியே மெய்யப்பனை அவன் தலைக்குள் ஏற்றிவிட்டார்கள்.

இரண்டு ராத்திரி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மூன்றாம் நாள் விடிவதற்கு முன்னால் முகாம் வேன் வந்து நின்றது. ஓட்டுநர் வண்டிமலையான், வள்ளியூர்ப் பக்கத்துக்காரன். காவல் தெய்வத்தின் பேரை வைத்ததற்குப் பொருத்தமாக, முகாமில் யாரை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதென்றாலும் அவன்தான். அடைக்கலத்தைத் தூங்க விடாமல் விமான நிலையத்தில் இறக்குவது அன்றைக்கு அவனுக்கு இட்ட வேலை.

"அண்ணாச்சி, முன்னாடி ஏறுங்க. பின்னாடி உக்காந்தா சாஞ்சிருவீய" என்றான். ஏறினதும் தைலக் குப்பியைத் திறந்து நீட்டினான். "கண்ணுக்குக் கீழ ஒரு இழுப்பு இழுங்க. எரியும். எரியட்டும்."

வேன் முகாம் வாசலைத் தாண்டியது. தாண்டினவுடன் உள்ளே மெய்யப்பன் பேசினான். குரல் காதில் கேட்பது போல இல்லை. தன் எண்ணமே இன்னொருத்தன் தோரணையில் ஓடுவது போல இருந்தது.

"ஒருவழியா கெளம்பியாச்சு மச்சான். என் பெட்டிய ஏத்துனியா?"

மனசுக்குள் சொன்னாலே அவனுக்குக் கேட்கும். ஏத்திட்டேன் என்று அடைக்கலம் சொன்னான். பாதி கயிறு போட்ட அந்தப் பெட்டி மேல் தட்டில் அப்படியே கிடந்தது. உடம்போடுதான் அது போகும்.

"கயிறு கட்டி முடிச்சேனா? ஞாபகமே இல்ல பாரு. அந்த ரெண்டாவது முடிச்சு போட்டேனா?"

"போட்ட."

"பாப்பாவுக்குப் பென்சில் டப்பா மேலாக்க வச்சிருக்கேன். கொழுக்கட்டை அச்சு கேட்டா உன் தங்கச்சி. இங்க எங்கடி கொழுக்கட்டை அச்சுன்னேன். கடைசியில ஒரு கடையில கெடச்சுது மச்சான், பெரிய அதிசயம். சீனாவுல செஞ்சது."

உயிரோடு இருந்தபோதும் வாயை மூடாதவன்தான். அப்போதெல்லாம், கொஞ்சம் தூங்க விடுடா என்று அடைக்கலம் கட்டிலுக்குக் கீழிருந்து உதைப்பான். இப்போது அந்தப் பேச்சில் தொங்கிக்கொண்டுதான் விழித்திருந்தான்.

"இருக்காவளா?" என்று வண்டிமலையான் மெதுவாகக் கேட்டான். அடைக்கலம் தலையை அசைத்தான். ஓட்டுநர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். தைரியசாலிதான், ஆனால் முருங்கை மரத்துக்குப் பயப்படாத அளவு தைரியசாலி இல்லை.

நெடுஞ்சாலைக்கு வந்தபோது காற்று மாறியது. பாலைவனத்துப் பக்கமிருந்து புழுதி எழும்பி, முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கை விழுங்கியது. கொஞ்ச தூரத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. போலீஸ்காரன் ஒருவன் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு கையைக் குறுக்கே நீட்டினான். பார்வை தெளிகிற வரை யாரும் போகக் கூடாது.

வண்டிமலையான் இன்ஜினை அணைத்தான். அணைத்ததும் அடைக்கலத்தின் இமை தானாகக் கீழே வந்தது. தொடையில் நறுக்கென்று கிள்ளினான் ஓட்டுநர்.

"இந்தப் பிளைட்டு போச்சுன்னா அடுத்தது நாளைக்குத்தான் அண்ணாச்சி. அதுவரைக்கும் நீங்க தாங்க மாட்டீய. வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதையாப் போச்சு உங்க கதை." இரக்கம் வந்துவிட்டது போலும், குரல் இறங்கியது. "என்ன செய்ய. நல்ல மனுஷன், இப்படிப் பொட்டுன்னு போயிட்டாவளே."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். சொன்ன சொல்லை விழுங்க முடியுமா?

"யாரு மச்சான் போயிட்டா?" என்றான் மெய்யப்பன்.

பக்கத்து கேம்ப்ல ஒருத்தன் என்றான் அடைக்கலம்.

"அடப்பாவமே. எந்த ஊரு?"

"நம்ம பக்கம்தான்."

"கல்யாணம் ஆனவனா?"

"ம்."

மெய்யப்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் பேசாத நேரம் என்ற ஒன்றை அடைக்கலம் அன்றைக்குத்தான் பார்த்தான். பிறகு, "அந்தப் பொண்ணுகிட்ட யாரு போய்ச் சொல்றது?" என்றான். "ஊரு பேரக் கேட்டு வச்சுக்க மச்சான். நாம ரெண்டு பேரும் போறதே போறோம், ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்துருவோம். இங்கேருந்து வர்றவன் நேர்ல போய் நின்னாத்தான் அதுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்."

அடைக்கலம் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதான். தைலம் எரிகிறது என்று ஓட்டுநர் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டான். அந்த அழுகையின் நடுவே உள்ளே இருந்தவன் மெல்லத் தேய்ந்து இல்லாமல் போனான்.

அப்போதுதான் போன் அடித்தது. பூங்கோதை. மெய்யப்பனின் மனைவி.

"அண்ணே, அவரு இருக்காரா?"

"இப்ப இல்லம்மா. இவ்வளவு நேரம் பேசிக்கிட்டு இருந்தான். திரும்ப வருவான்."

"எப்படி இருக்காரு?"

என்ன சொல்வது என்று தெரியாமல் உண்மையைச் சொன்னான். "சந்தோஷமா இருக்காம்மா. ஊருக்கு வர்றதே பேச்சா இருக்கு. கொழுக்கட்டை அச்சு வாங்கியிருக்கானாம்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு, "தூங்கிருங்கண்ணே" என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"தூங்கிருங்க. உங்க காலப் புடிச்சுக் கேக்குறேன். மாமனாரு சரின்னு சொல்லிட்டாரு. என்னைய ஒருத்தரும் கேக்கல. அவரு சிரிச்ச மூஞ்சியா வந்து உக்காருவாரு. பாப்பா எங்கன்னு கேப்பாரு, பெட்டிய அவுக்கச் சொல்லுவாரு. நான் மூஞ்சிய எங்கண்ணே வச்சுக்கிறது? அரை மணி நேரம் சிரிச்சுக்கிட்டே இருக்கணும். அப்புறம் என் கண்ணு முன்னாடியே போயிருவாரு. ஒரு தடவ செத்துட்டாரு. அத எப்படியோ வாங்கிக்கிட்டேன். இன்னொரு தடவ என்னால ஆகாது. ஊருக்குப் போறோம்ங்கிற நெனப்போடயே போகட்டும், விட்டுருங்கண்ணே."

கொடுத்துவிட்டதை வழியில் போட்டுவிட்டுப் போன வழக்கம் அடைக்கலத்துக்குக் கிடையாது. யாருக்குக் கொண்டுபோகிறானோ அவளே வேண்டாம் என்றால் என்ன செய்வது? அதற்குச் சட்டம் இல்லை. பெட்டிக்குள்ளே இருப்பதே, என்னை ஊருக்குக் கொண்டுபோ என்று பேசுகிறதே, அதற்கும் சட்டம் இல்லை.

"பாப்பாவுக்கு..." என்று ஆரம்பித்தான்.

"யாரு மச்சான் போன்ல?" மெய்யப்பன் வந்துவிட்டான். "எங்க ஆளு குரல் மாதிரி இல்ல?"

அடைக்கலம் அவசரமாக, "தங்கச்சி, மெய்யப்பன் வந்துட்டான். பக்கத்துலதான் இருக்கான்" என்று போனில் சொன்னான்.

பூங்கோதைக்குப் புரிந்துவிட்டது. எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு வந்த குரல் வேறொரு பெண்ணின் குரல் போல, சந்தையிலிருந்து பேசுகிறவளின் குரல் போல இருந்தது. "பாத்து வரச் சொல்லுங்கண்ணே. அவசரமா ஓடியார வேண்டாம்னு சொல்லுங்க." போனை வைத்துவிட்டாள்.

"பாத்தியா, எங்கிட்ட குடுன்னு ஒரு வார்த்தை கேக்கல" என்று மெய்யப்பன் சிரித்தான். "ரெண்டு தடவ வரேன் வரேன்னு சொல்லி ஏமாத்துனேன்ல, அந்தக் கோவம். வாசல்ல போய் நின்னேன்னா சரியாப் போயிரும்." அந்தச் சிரிப்போடு மறுபடி மறைந்தான்.

புழுதி கொஞ்சம் இறங்கியது. போலீஸ்காரன் கையைக் கீழே போட்டான். வண்டிமலையான் இன்ஜினை முடுக்கி, இரண்டு லாரிகளுக்கு நடுவில் புகுந்து ஓட்டினான். போனில் பேசியது அவன் காதிலும் விழுந்திருந்தது.

"இப்ப இல்லதான?" என்று உறுதி செய்துகொண்டு சொன்னான். "எங்க அண்ணனும் இப்படித்தான் ஊருக்கு வந்தாவ. மூணு வருஷத்துக்கு முந்தி. எங்க ஊர்க்காரர் ஒருத்தர்தான் கொண்டுவந்தாரு. அம்மா பேசுனா. அரை மணி நேரம். அதுக்கப்புறம் அந்த அரை மணி நேரத்தையேதான் பேசிட்டு இருக்கா. நாங்க உயிரோட இருக்கோம் அண்ணாச்சி, நாலு பேரு. எங்ககிட்டப் பேச அவளுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்ப வேண்டாம்ங்கிறியா?"

"அப்படியும் சொல்ல முடியல. அன்னைக்கு அது இல்லன்னா அவ அன்னைக்கே போய்ச் சேந்திருப்பா. எது சரின்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடல."

விமான நிலையத்து விளக்குகள் புழுதிக்குள் மஞ்சளாகத் தெரிந்தன. கிழக்கே வானம் லேசாக வெளுத்திருந்தது. வண்டிமலையான் பெட்டிகளை இறக்கிவைத்தான். கைகொடுக்க நீட்டியவன், கொடுக்கலாமா என்று யோசித்து, பிறகு இரண்டு கையாலும் அடைக்கலத்தின் கையைப் பிடித்துக்கொண்டான். "ரெண்டு பேரும் நல்லபடியாப் போயிட்டு வாங்க" என்றான்.

சுமந்து போகிறவர்களுக்கு மணிக்கட்டில் ஒரு சிவப்புப் பட்டை கட்டுகிறார்கள். விமானப் பணியாளர்கள் பார்த்து, தூங்கவிடாமல் எழுப்புவதற்காக. அந்தப் பட்டையைக் கண்டதும் வரிசையில் நின்ற ஜனம் பாடைக்கு வழி விடுவது போல ஒதுங்கியது. ஒரு தாய் தன் குழந்தையின் தலையைத் திருப்பி மார்போடு வைத்துக்கொண்டாள். அடைக்கலத்துக்கு அவமானமாக இருந்தது. உள்ளே இருந்தவனுக்கோ கல்யாண வீட்டுக்கு வந்த குதூகலம். புழுதியில் எல்லா விமானமும் தாமதம் என்று அறிவித்ததைக்கூடச் சிரித்துக்கொண்டே கேட்டான். கண்ணாடிக்குள் இருந்த வாசனைத் திரவியங்களைப் பார்த்தான், யாரோ ஒருவருடைய பெட்டியின் சக்கரம் கழன்றதைப் பார்த்தான், எல்லாவற்றுக்கும் ஒரு கருத்துச் சொன்னான்.

குடியேற்ற அதிகாரி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அடைக்கலத்தின் பாஸ்போர்ட்டை வாங்கினார். முகத்தைப் பார்த்தார். பட்டையைப் பார்த்தார். முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார். "அடுத்த ஆள்" என்று கையை ஆட்டினார்.

"மச்சான்" என்றான் மெய்யப்பன். "என்னுதப் பாக்கவே இல்லையே."

அடைக்கலம் நடந்துகொண்டே இருந்தான்.

"மச்சான், நில்லு. என்னுத அவரு கேக்கவே இல்ல."

"ரெண்டும் எங்கிட்டதான் இருந்துச்சு. சேத்துக் குத்திட்டாரு."

"அப்படியா." கொஞ்ச தூரம் வந்த பிறகு, "என் கையப் பாத்தா உன் கை மாதிரி இருக்கு மச்சான்" என்றான். அதற்குப் பிறகு அவன் எதற்கும் கருத்துச் சொல்லவில்லை. கலைந்துவிட்டானோ என்று அடைக்கலம் பயந்தான். இல்லை, இருந்தான். இருட்டில் பக்கத்தில் ஆள் படுத்திருந்தால் தெரியுமே, அப்படித் தெரிந்தது.

விமானத்தில் கடைசி வரிசை, ஜன்னல் ஓரம். ஆட்கள் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தார்கள். மேலே பெட்டியைத் திணிக்க இடமில்லை என்று ஒரு சண்டை நடந்தது. பணிப்பெண் வந்து சிவப்புப் பட்டையைப் பார்த்து, "தூங்கிராதீங்க சார், நான் அப்பப்ப வந்து பாக்குறேன்" என்றாள். அடைக்கலம் தலையாட்டினான். முழித்திருந்து கொண்டுபோவதா, கண்ணை மூடுவதா என்று அவன் மனசு ஊசலாடியது. இந்தப் பக்கம் போனில் கேட்ட அந்த மூச்சு. அந்தப் பக்கம் பக்கத்து கேம்ப்காரன் பெண்டாட்டிக்காக வருத்தப்பட்ட இவன்.

"மச்சான்" என்றான் மெய்யப்பன். குரல் தாழ்ந்திருந்தது. மேல் தட்டிலிருந்து, விளக்கை அணைத்த பிறகு பேசுகிற குரல்.

"சொல்லுடா."

"நீ ரெண்டு நாளாத் தூங்கல போல."

அடைக்கலம் கண்ணைக் கசக்கினான்.

"எனக்கும் அசதியா இருக்கு" என்றான் மெய்யப்பன். "அவ ஓடியார வேண்டாம்னுதானே சொன்னா. கொஞ்சம் கண்ண மூடுவோம். ஊரு வந்தா எழுப்பு."

"சரி" என்றான் அடைக்கலம். அதைத் தவிர வேறு என்ன சொல்ல முடியும்? கண்ணை மூடினான். நடைபாதையில் பெட்டிச் சண்டை இன்னும் ஓயவில்லை. விமானத்தின் கதவைக்கூட இன்னும் சாத்தவில்லை.

சக்கரம் தரையில் மோதிய அதிர்ச்சியில்தான் விழித்தான். ஜன்னலுக்கு வெளியே திருச்சி வெயில். விமானம் நின்றதும் பணிப்பெண் ஓடிவந்தாள். எத்தனை முறை உலுக்கினாளோ, முகம் வெளிறியிருந்தது. "சார், எவ்வளவு எழுப்பினேன் தெரியுமா?" என்றாள். அடைக்கலம் உள்ளே கூப்பிட்டுப் பார்த்தான். மெய்யப்பா. மெய்யப்பா. கூட்டிப் பெருக்கிய வீடு போல மண்டை சுத்தமாக இருந்தது. இரண்டு நாளைக்குப் பிறகு தூங்கிய உடம்புக்கு நல்ல சுகம். அந்தச் சுகத்தை நினைத்து அவனுக்கு வெறுப்பாக வந்தது. "நான் சொல்லிக்கிறேம்மா. யாருக்கும் நீ சொல்ல வேண்டாம்" என்று அவளிடம் கெஞ்சிவிட்டு இறங்கினான்.

ஒப்படைப்பு அறைக்குப் போய், வழியில் தவறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதாகத்தான் திட்டம். மெய்யப்பனின் அப்பா இருப்பார், திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம். பூங்கோதை வர மாட்டாள்.

பூங்கோதை வந்திருந்தாள். அவள் மட்டும்தான் வந்திருந்தாள். குளித்து, தலை வாரி, கரும்பச்சைச் சீலை கட்டி, கையில் தூக்குவாளியோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தவள், அவனைப் பார்த்ததும் எழுந்தாள். அவன் முகத்தைப் பார்த்த பார்வை அவனைப் பார்த்ததாக இல்லை. அவனுக்குள்ளே யாரையோ தேடியது.

அடைக்கலம் வாசலிலேயே நின்றான். மனசு மாறிவிட்டாள். நான் தூங்கிவிட்டேன்.

சொல்ல வாயெடுப்பதற்குள் பணியாளர் ஊசியைப் போட்டுவிட்டார். "அரை மணி நேரம்மா. முடிஞ்சதும் கதவத் தட்டுவேன்" என்று சொல்லி வெளியே போய்க் கதவைச் சாத்தினார். அது தலைக்கு மேல் போன வெள்ளம். சாண் என்ன, முழம் என்ன.

"மாமா?" என்றாள் பூங்கோதை.

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல, அடைக்கலத்துக்கு மனசு வரவில்லை.

"ம்" என்றான்.

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வரக் கூடாதுன்னுதான் இருந்தேன் மாமா. காலையில பாத்தா குளிச்சுச் சீலை கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறேன். எப்படி வந்து நின்னேன்னே தெரியல. அப்புறம் எங்க உள்ள போறது."

"ம்."

"பாப்பா சைக்கிள் ஓட்டுறா. முட்டி பூரா சிராய்ப்பு. அழ மாட்டேங்குறா. அப்பாகிட்டச் சொல்லக் கூடாது, வந்து பாத்து அதிசயப்படணும்ங்கிறா. போர்ல தண்ணி உப்பாத்தான் வருது. நீங்க போன தடவ கெளம்பறப்ப நான் அழலன்னு கோச்சுக்கிட்டீங்கள்ல. பஸ் திரும்புனதுக்கு அப்புறம் அங்கேயே உக்காந்து அழுதேன், டீக்கடைக்காரரு தண்ணி கொண்டாந்து குடுத்தாரு. உங்ககிட்டச் சொல்லல. சொன்னா நீங்க அங்க போய் நெனச்சுக்கிட்டு இருப்பீங்க. ரெண்டு தடவ நீங்க வராம வேலைய நீட்டிக்கிட்டப்ப, இனி வந்தா என்ன வராட்டி என்னன்னு போன்ல கத்துனேன். அதச் சொல்லத்தான் வந்தேன் மாமா. மனசாரச் சொல்லல அது. நீங்க இல்லாம வாழப் பழகிட்டேன்னு எனக்கே பயம் வந்துருச்சு, அதான் கத்துனேன்."

அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அழவில்லை. மாமனார் சாப்பிடாமல் இருப்பதை, கூரையில் ஒழுகும் இடத்தை, பாப்பாவின் வாத்தியார் சொன்னதை, மெய்யப்பன் ஊருக்கு வந்தபோதெல்லாம் தனக்குச் சொல்ல வாய்க்காதவற்றை எல்லாம் வரிசையில்லாமல் சொன்னாள். ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று அடைக்கலம் ம் என்பதைத் தாண்டவில்லை. நெற்றியில் வேர்த்து வழிந்தது. திருடன்கூட இப்படிப் பயந்திருக்க மாட்டான்.

கதவு தட்டப்பட்டது.

பூங்கோதை பேச்சை நிறுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எழுந்து நின்று, தூக்குவாளியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே. ராத்திரியெல்லாம் முழிச்சிருந்திருக்கீங்க."

அண்ணே என்றாள். அடைக்கலம் தலையைக் குனிந்துகொண்டான். அந்த அறைத் தரையைப் பார்த்தபடியே, "எப்பம்மா தெரிஞ்சுது?" என்றான்.

"மொதல்லயேதான். பதினோரு வருஷம் வாழ்ந்திருக்கேன் அவரோட. என்னைய ஒரு தடவகூட இப்படி முழுசாப் பேச விட்டதில்லண்ணே அவரு."

"அப்புறம் ஏன்மா..."

"யார்கிட்டயாவது சொல்லணும்ல."

கதவு இரண்டாம் முறை தட்டப்பட்டது. அவள் போகவில்லை. கேட்க வந்ததைக் கேட்காமல் போகிறவளாகத் தெரியவில்லை. "எங்க வச்சுண்ணே போனாரு?" என்றாள். "எந்த எடத்துல?"

அடைக்கலம் நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தான். அன்றைக்குச் சொன்ன பொய்களில் இது ஒன்றைச் சொல்லத்தான் அவன் தயங்கவில்லை.

"கடலத் தாண்டியாச்சும்மா. நம்ம கரையும் தெரிஞ்சுது. தென்னந்தோப்பு, கோயில் கோபுரமெல்லாம் சன்னல்ல பாத்துக்கிட்டே வந்தான். ஊரு வந்துருச்சுடான்னு சொன்னேன். ஆமாம் மச்சான்னு சொன்னான். அப்புறம்தான் நான் கண்ண மூடுனேன்."

பூங்கோதை அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ம் என்பதிலேயே பொய்யைக் கண்டுபிடித்தவள், இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அடைக்கலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சரிண்ணே, ஊரு வரைக்கும் வந்துட்டாருன்னே பாப்பாகிட்டச் சொல்லிர்றேன்" என்றாள் அவள்.